தொப்புள் என்று எழுதக் கூடாதாம்

எழும்பூரில், பாந்தியன் சாலைக்கு முதுகு காட்டிய மாடியறை.
விசிறி ஒன்றுக்கு மூன்று மேசை.
ஏழாம் மாதத்திலிருந்து எனக்கு
விசிறிக்கு நேர் கீழே இடம்.
இடப்பக்கம் கிளிஞ்சல் பெட்டிகள்.
வலப்பக்கம் உலர்ந்த காளான்கள்,
உறைக்குள் அப்பளம் மாதிரி.
நடுவில் கணினி, அதில் லத்தீன்.

முதல் வாரம் பயந்துதான் போனேன்.
டர்பினேட், லென்டிகுலர், பட்டெல்லா, பிலியஸ்:
ஒவ்வொன்றும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றது.
அகராதியைத் திறந்தால்
கோட்டுக்குள் நம்ம தெரு ஆட்கள்.
டர்பினேட், பம்பரம்.
லென்டிகுலர், மைசூர்ப் பருப்பு.
பட்டெல்லா, சட்னி வைக்கிற சின்னத் தட்டு;
வைத்தியர்கள் அதையே எடுத்து
முழங்காலில் கவிழ்த்துவிட்டார்கள்.
பிலியஸ், விடுதலையான அடிமை
ரோமில் தலையில் போட்டுக்கொண்ட கம்பளித் தொப்பி.
அந்தத் தொப்பியோடுதான்
மழை விட்ட மறுநாள்
குப்பை லாரி நிற்கும் சுவரோரம்
முப்பது நாற்பது பேர் எழுந்து நிற்கிறார்கள்.
யாரிடம் அடிமைப்பட்டிருந்தார்களோ.

அப்புறம் வந்தது அம்பிலிகேட்.
நத்தை ஓட்டின் அடியில்
சுண்டுவிரல் நுனி நுழையும் பள்ளம்.
காளான் குடையின் உச்சியிலும் அதே பள்ளம், அதே பெயர்.
'தொப்புளுடைய' என்று அடித்தேன்.
ஆலோசகர் ஞானப்பிரகாசம் கண்ணாடியைக் கழற்றினார்.
பாடப்புத்தகத்துக்குப் போறதும்மா, பசங்க சிரிப்பாங்க.
உந்தின்னு போடலாம், மையக்குழின்னு போடலாம்.
ரோமாபுரிப் பசங்க சிரிக்கலையா சார், என்றேன்.
டீ வந்துடுச்சா என்றார் கோப்பைப் பார்த்தபடி.

அடுத்த வரி அம்போனேட்.
கேடயத்தின் நெற்றியில் புடைத்திருக்கும் குமிழ்.
மட்டியின் முதுகுமுனைக்கும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.
அங்கிருந்துதான் ஓடு வளரத் தொடங்குமாம்,
ஆயுசு முழுக்க, வளையம் வளையமாக.
காசிமேட்டிலிருந்து வந்த ஒன்றை உள்ளங்கையில் வைத்தேன்.
கட்டைவிரல் தானாக அங்கே போய் நின்றது.
குழிவையும் குமிழையும் குழப்பக் கூடாது என்று
கையேட்டில் சிவப்பு மையில் இருக்கிறது.

ஒன்பதாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை,
குளித்துவிட்டு வந்து கண்ணாடியில் பார்த்தேன்.
முப்பத்தொரு வருஷமாய்ப் பஞ்சும் மஞ்சளும் சேர்த்துவைத்த பள்ளம்
வெளியே வந்து நிற்கிறது,
குக்கர் மேல் வெயிட் மாதிரி.
முந்தின நாள் வரை அம்பிலிகேட்.
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சந்தானராஜைக் கூப்பிட்டு
வகை மாறிட்டேன் என்றேன்.
டாக்டர்கிட்ட போகணுமா என்றான், ஈரக்கையோடு.

கோஷா ஆஸ்பத்திரியில் வரிசை
கடல் காற்று வரும் தூரம் வரை.
ஸ்கேன் தாளில் 'வெர்டெக்ஸ்' என்று இருந்தது.
தலை கீழே திரும்பிடுச்சுன்னு அர்த்தம், நல்லதுதான் என்றார் டாக்டர் பரீதா.
எனக்குத் தெரியும் அந்தச் சொல்லை.
முதலில் அது நீர்ச்சுழி.
பிறகுதான் உச்சந்தலையில் மயிர் சுழிக்கும் இடம்.
ஒற்றைச் சுழியா, ரெட்டைச் சுழியா,
வலம்புரியா, இடம்புரியா,
அதெல்லாம் இதுல தெரியுமா டாக்டர்?
அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இன்றைக்குக் கடைசி நாள்.
கிளம்பும் முன் வரி நூற்றுப் பதினான்கைத் திறந்து
மறுபடி 'தொப்புளுடைய' என்று அடித்துச் சேமித்தேன்.
ஞானப்பிரகாசம் சார் திருத்துவார்.
திருத்தட்டும்.
பஸ்ஸில், கல்லூரிப் பெண் எழுந்து கொடுத்த ஜன்னல் சீட்டில்,
விலாவுக்குக் கீழே புதிதாய் ஒரு புடைப்பு எழுந்து
மெதுவாக இடம் மாறுகிறது.
இதற்குப் பட்டியலில் சொல் இல்லை.
குதிகாலாக இருக்கலாம்.
முட்டியாக இருந்தால்,
சின்னத் தட்டு.